தெல்ஃபின் ஏன் ரயிலேறவில்லை? ‘லா பெல் செசோன்’ படமும் 1971ஆம் ஆண்டும்

காதலர்களான தெல்ஃபின், கரோல் என்ற இரண்டு பெண்களும் பாரிசுக்கே போய்விடுவது என்று முடிவாகிவிட்டது. வீட்டில் நடக்கவேண்டிய சண்டை நடந்து முடிந்துவிட்டது. ஊரைவிட்டுக் கிளம்பி ரயில் நிலையம் வரைக்கும் வந்தாயிற்று. அங்கே தெல்ஃபினின் மனம் மாறுகிறது. கரோல் போகிறாள். தெல்ஃபின் அப்பாவின் பண்ணையோடு தங்கிவிடுகிறாள்.

கத்ரீன் கோர்சினி இயக்கி 2015இல் வந்த ‘லா பெல் செசோன்’ என்ற பிரெஞ்சுப் படத்தை என்னோடு பார்த்தவர்கள் இந்த இடத்தில் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: கோழை. அந்தத் தீர்ப்பு எனக்கு ஒப்பவில்லை. ஒருத்தி தன் காதலை விட்டுவிட்டு வீட்டோடு தங்கினாள் என்றால், அவளைப் பிடித்து நிறுத்தியது எது என்று கேட்காமல் பெயர் சூட்டுவது நியாயமில்லை. அந்த ஒரு பின்வாங்கலை மட்டும் எடுத்துக்கொண்டு அதன் பின்னால் என்னென்ன இருந்தன என்று பார்க்கிறேன். படத்தின் கதை முழுவதும், முடிவு உட்பட, இங்கே வரும்.

கதை 1971இல் தொடங்குகிறது. நடு பிரான்சின் லிமூசான் பகுதியில் மாடு வளர்க்கும் குடியானவக் குடும்பத்தின் மகள் தெல்ஃபின். இசியா இஜ்லான் நடித்திருக்கிறார். அவள் நேசித்த பெண் கல்யாணம் செய்துகொண்டு போகப்போகிறாள். வீட்டில் இவளுக்கும் மாப்பிள்ளைப் பேச்சு நடக்கிறது. இவள் பாரிசுக்கு வந்து ஒரு வேலையில் சேர்கிறாள். ஒருநாள் தெருவில் ஒரு பெண்கள் கூட்டம் சிரித்துக்கொண்டே ஓடுகிறது. எதிர்ப்படும் ஆண்களின் பின்புறத்தைக் கிள்ளிவிட்டு ஓடுகிறார்கள். நாள்தோறும் தங்களுக்கு நடப்பதை ஒருநாள் திருப்பிச் செய்து காட்டுகிறார்கள். கோபம் கொண்ட ஓர் ஆள் கரோலைப் பிடித்துக்கொள்ள, தெல்ஃபின் குறுக்கே புகுந்து விடுவிக்கிறாள். அப்படித்தான் அறிமுகம்.

கரோல் (செசில் த ஃபிரான்ஸ்) ஸ்பானிய மொழி ஆசிரியை. மனுவேல் என்ற ஆணோடு வாழ்கிறாள். பெண்கள் இயக்கத்தின் கூட்டங்களில் முழங்குகிறவள். அவளுக்கு ஒரு பெண்மீது காதல் வரும் என்பது அவளுக்கே தெரியாது. தெல்ஃபினுக்கோ தன்னைப்பற்றிச் சந்தேகமே இருந்ததில்லை. மேடையில் விடுதலை பேசுகிறவள் தன்னை அறியாதவளாகவும், பேசத் தெரியாத குடியானவப் பெண் தன்னை முழுக்க அறிந்தவளாகவும் இருக்கிறார்கள். இந்தப் படத்தின் மொத்தச் சிக்கலும் இந்த முடிச்சில்தான் இருக்கிறது.

இரண்டு பெயர்களும் காரணத்தோடு வைக்கப்பட்டவை. தெல்ஃபின் என்பது நடிகை தெல்ஃபின் செரிக்கை நினைத்து. கரோல் என்பது ஆவணப்பட இயக்குநர் கரோல் ரூசோபூலோசை நினைத்து. சுவிட்சர்லாந்தில் பிறந்த ரூசோபூலோஸ், கையில் தூக்கிச்செல்லும் சோனி வீடியோ கேமரா பிரான்சுக்கு வந்த புதிதிலேயே ஒன்றை வாங்கியவர். 1971 மே தின ஊர்வலத்தில் பிரெஞ்சுத் தன்பாலீர்ப்பாளர்கள் முதன்முறை தங்கள் பதாகையோடு நடந்ததைப் பதிவுசெய்தது அந்தக் கருப்பு வெள்ளை வீடியோதான். அந்த ஊர்வலம் நம் கண்ணுக்குக் கிடைத்திருப்பதற்கு ஒரு பெண்ணின் தோளில் தொங்கிய கருவி காரணம் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

சட்டத்தின் நிலை

தெல்ஃபினை எது தடுத்தது என்ற கேள்விக்கு முதலில் தோன்றும் விடை சட்டம். அதைப் பார்த்துவிடுவோம்.

1750 ஜூலை 6 அன்று பாரிசின் கிரேவ் சதுக்கத்தில் புருனோ லெனுவார், ழான் தியோ என்ற இரண்டு எளிய மனிதர்கள் ஆண்-ஆண் உறவுக்காக எரிக்கப்பட்டார்கள். நாற்பது ஆண்டு கழித்து, புரட்சி அரசின் 1791 தண்டனைச் சட்டம் அந்தக் குற்றத்தைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டது. அதற்குப் பின் நூற்றைம்பது ஆண்டுகள் பிரெஞ்சுச் சட்டப் புத்தகத்தில் தன்பால் உறவு என்று தனியே ஒரு குற்றம் கிடையாது. (பிரெஞ்சுச் சட்டம் நடந்த புதுச்சேரிக்கு, தன்பால் உறவைக் குற்றமாக்கியிருந்த 377ஆம் பிரிவு வந்ததுகூட, இந்தியாவோடு இணைந்தபின் 1963இல் இந்தியத் தண்டனைச் சட்டம் அங்கே நீட்டிக்கப்பட்டபோதுதான்.)

விட்டுப்போனதைத் திரும்பக் கொண்டுவந்தது, இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனிக்குப் பணிந்து நடந்த விஷி அரசு. 1942 ஆகஸ்ட் 6 சட்டம், 21 வயதுக்குக் கீழ்ப்பட்ட தன் பாலினத்தவரோடு உறவு கொள்வதைக் குற்றமாக்கியது. ஆண்-பெண் உறவுக்கு அப்போது வரம்பு 13 வயது. நாடு விடுதலை பெற்றபின் விஷி அரசின் எத்தனையோ சட்டங்கள் குப்பைக்குப் போயின. இது மட்டும் போகவில்லை. 1945 பிப்ரவரியில் புதிய அரசே இதைத் தண்டனைச் சட்டத்தின் 331ஆம் பிரிவுக்குள் வைத்துத் தக்கவைத்துக்கொண்டது. 1960 ஜூலையில் பொல் மிர்கே என்ற மொசெல் பகுதி உறுப்பினர் ஒரு திருத்தம் கொண்டுவர, குடிநோய், விபச்சாரத் தரகு ஆகியவற்றின் வரிசையில் தன்பாலீர்ப்பும் ‘சமூகப் பீடை’ ஆனது. அந்த ஆண்டு நவம்பர் ஆணைப்படி, பொது இடத்து ஒழுங்கீனம் என்ற குற்றம் தன்பாலினத்தார் தொடர்புடையதானால் தண்டனை கூடும். பாரிஸ் காவல்துறையில் தன்பாலீர்ப்பாளர்களைக் கண்காணிக்கத் தனிப் பிரிவே இருந்தது, கோப்புகள் இருந்தன.

கொடுமையான சட்டங்கள்தாம். ஆனால் தண்டனை பெற்றவர்களில் மிகப் பெரும்பாலானோர் ஆண்கள். வயது வந்த இரண்டு பெண்கள் ஒரு பண்ணை வீட்டின் அறைக்குள் அன்பாக இருப்பதை இந்தச் சட்டம் எதுவும் தொடவில்லை. அந்த ரயில் நிலையத்தில் தெல்ஃபினுக்கு எதிராக ஒரு போலீஸ்காரர்கூட நிற்கவில்லை. ஆகவே விடையை வேறிடத்தில் தேட வேண்டும்.

ப்ளேயெல் அரங்கம்

படம் காட்டும் பாரிஸ் திடீரென்று முளைத்ததல்ல. 1970 ஆகஸ்ட் 26 அன்று சுமார் பத்துப் பெண்கள் வெற்றி வளைவுக்குப் போய், பெயர் தெரியாத போர்வீரனின் சமாதியில் மலர்வளையம் வைக்க முயன்றார்கள். அவனைவிடப் பெயர் தெரியாத ஒருத்தி இருக்கிறாள், அவன் மனைவி என்று அவர்களது பதாகை சொன்னது. பத்திரிகைகள் அவர்களுக்குப் பெண்கள் விடுதலை இயக்கம் என்று பெயரிட்டன. எம்.எல்.எஃப். என்பது அதன் சுருக்கம். கிறிஸ்தீன் தெல்ஃபி, மொனிக் விட்டிக் ஆகியோர் அன்று அங்கே இருந்தவர்கள்.

தன்பாலீர்ப்பாளர்களுக்கு ஓர் அமைப்பு அதற்கு முன்பே இருந்தது. 1954இல் ஆந்த்ரே போத்ரி தொடங்கிய ‘ஆர்காதி’ இதழும் அதைச் சுற்றி அமைந்த சங்கமும். போத்ரி குருமடத்தில் படித்தவர். கண்ணியமாக நடந்துகொள், கவனத்தை ஈர்க்காதே, மெல்ல மெல்ல இந்தச் சமூகம் நம்மை ஏற்கும் என்பது ஆர்காதியின் வழி. இதை இன்று ஏளனம் செய்வது எளிது. காவல்துறையின் கோப்பில் பெயர் ஏறினால் வேலை போகும் காலத்தில், தனியே தவித்த ஆயிரக்கணக்கானோருக்கு மாதாமாதம் அஞ்சலில் வந்த அந்த இதழ் எவ்வளவு பெரிய துணையாக இருந்திருக்கும் என்பதை மறக்கக் கூடாது.

1971 மார்ச் 10. ஆர்.டி.எல். வானொலியின் புகழ்பெற்ற தொகுப்பாளர் மெனி கிரெகுவார், தம் நிகழ்ச்சியை பாரிசின் ப்ளேயெல் அரங்கிலிருந்து பார்வையாளர் முன்னிலையில் நேரலையாக நடத்துகிறார். தலைப்பு: ‘தன்பாலீர்ப்பு, வேதனையான அந்தப் பிரச்சினை’. மேடையில் ஒரு பாதிரியார், உளவியல் பேசுவோர். ஆர்காதியின் போத்ரியும் இருக்கிறார். எல்லாரும் பரிவோடுதான் பேசுகிறார்கள். பாவம், எவ்வளவு துன்பப்படுகிறார்கள் என்ற பரிவு. கீழே அரங்கில் சிலர் உட்கார்ந்திருக்கிறார்கள். எம்.எல்.எஃப். பெண்கள் சிலர், ஆர்காதியில் இருந்து சலித்து வெளியேறிய பெண்கள் சிலர், எழுத்தாளர் ஃபிரான்சுவாஸ் தோபோன், கூடவே சில ஆண்கள். பாதிரியார் துன்பத்தைப்பற்றிப் பேசும்போது கீழிருந்து குரல் எழுகிறது. பொய், நாங்கள் துன்பப்படவில்லை என்கிறது ஒரு குரல். விடுதலை என்கிறது இன்னொன்று. கூட்டம் மேடையை நோக்கிப் பாய்கிறது. நேரலை அறுந்து வானொலியில் இசை ஒலிக்கிறது.

அந்தக் கலவரத்திலிருந்துதான் ‘தன்பாலீர்ப்பாளர் புரட்சிச் செயல் முன்னணி’ பிறந்தது. பிரெஞ்சு எழுத்துகளைச் சேர்த்து ‘ஃபார்’ என்பார்கள். தொடங்கிவைத்தவர்கள் பெண்கள் என்பதை அடிக்கோடிட்டுச் சொல்ல வேண்டும். பின்னாளில் அது அடிக்கடி மறந்துபோனது. ஏப்ரல் 5 அன்று, கருக்கலைப்பு செய்துகொண்டோம் என்று 343 பெண்கள் கையெழுத்திட்ட அறிக்கை ‘நுவெல் ஒப்செர்வாத்தேர்’ இதழில் வந்தது. கையெழுத்திட்டவர்களில் தெல்ஃபின் செரிக்கும் ஒருவர். ஏப்ரல் 23 அன்று, தத்துவஞானி சார்த்ர் சட்டப்படி பொறுப்பாளராக இருந்த ‘தூ!’ இதழ் தன்பாலீர்ப்புக்குப் பக்கங்களை ஒதுக்கியது. போலீஸ் அதைப் பறிமுதல் செய்தது. மே 1 அன்று ஊர்வலம். எட்டே வாரத்தில் இவ்வளவும்.

இந்த வேகத்துக்குள்தான் நம் தெல்ஃபின் வந்து விழுகிறாள். தொண்டை கிழியக் கத்தும் கூட்டங்களை, ஒருவர் பேச்சில் ஒருவர் விழுவதை, நடுநடுவே பாட்டு எழுவதைக் கோர்சினி அவள் கண்வழியே காட்டுகிறார். சிறுவயது முதல் மாடுகளோடும் மௌனத்தோடும் இருந்தவளுக்கு இவ்வளவு சத்தம் ஒரு விருந்து.

படத்தில் என்னை மிகவும் உலுக்கியது மனநல மருத்துவமனைக் காட்சி. ஆண்களை நேசிப்பவன் என்பதற்காகப் பெற்றோரே ஓர் இளைஞனை அங்கே அடைத்துவிட்டார்கள். மின் அதிர்ச்சி கொடுத்திருக்கிறார்கள். தெல்ஃபினும் கரோலும் இயக்கத்துத் தோழிகளும் போய் அவனை வெளியே கொண்டுவருகிறார்கள். அது சினிமாவுக்காக மிகைப்படுத்தியது என்று ஒதுக்க முடியாது. அப்போதைய மருத்துவம் தன்பாலீர்ப்பை மனநோய்ப் பட்டியலில்தான் வைத்திருந்தது. பிரெஞ்சு அரசு அந்தப் பட்டியலை ஏற்பதை 1981இல் நிறுத்தியது. உலக சுகாதார நிறுவனம் அதை நீக்க 1990 ஆயிற்று. சட்டம் தொடாத ஒருவரை வீடு தொடலாம். வீடு ஒப்படைக்க, மருத்துவமனை வாங்கிக்கொள்ளும். தன் வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று தெல்ஃபின் நேரிலேயே பார்த்துவிட்டாள். அவளது பயத்தைக் கோழைத்தனம் என்பவர்கள் இந்தக் காட்சியை மறந்துவிடுகிறார்கள்.

பெண்கள் பிரிந்த கதை

ஃபார் கூட்டங்கள் பாரிஸ் நுண்கலைக் கல்லூரியில் நடந்தன. ஆண்கள் திரள்திரளாக வந்தார்கள். தொடங்கிவைத்த பெண்களின் குரல் சில மாதங்களிலேயே அமிழ்ந்துபோனது. அவர்கள் விலகி ஒரு தனிக் குழு அமைத்தார்கள். பெண்களை நேசிக்கும் பெண்களைத் தெருவில் இழிவாகத் திட்டும் சொல்லை எடுத்து, அதோடு சிவப்பைச் சேர்த்து ‘க்வின் ரூஜ்’ என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். வசையைப் பெயராகச் சூடிக்கொள்வது அந்த ஆண்டின் துணிச்சல்.

இடதுசாரிகளிடமும் இடம் கிடைக்கவில்லை. 1972இல் ஒரு கூட்டத்தில் ஃபார் உறுப்பினர்கள் கேள்வி கேட்டபோது, பிரெஞ்சுக் கம்யூனிஸ்ட் கட்சியின் மூத்த தலைவர் ழாக் துக்லோ, போய் வைத்தியம் செய்துகொள்ளுங்கள் என்று பதில் சொன்னார். பாட்டாளிகளின் கட்சியே இப்படிச் சொன்னால், லிமூசானின் ஒரு கிராமம் என்ன சொல்லும்?

பண்ணை

தெல்ஃபினின் அப்பா பக்கவாதத்தில் விழுகிறார். சேதி வந்ததும் அவள் ஊருக்குத் திரும்புகிறாள். கரோலால் இருக்க முடியவில்லை. மனுவேலை விட்டுவிட்டுப் பின்னாலேயே வருகிறாள். வீட்டில் அவள் ‘பாரிசிலிருந்து வந்த தோழி’.

இங்கிருந்து படத்தின் நடை மாறுகிறது. ஒளிப்பதிவாளர் ழான் லப்வாரி வெயிலையும் வைக்கோலையும் திறந்த புல்வெளியையும் அத்தனை ஆசையோடு பிடித்திருக்கிறார். பிரெஞ்சில் ‘பெல் செசோன்’ என்றால் வெயில் காயும் நல்ல பருவம். குடியானவருக்கு அது வேலை மிகுந்த பருவமும்கூட. காதலுக்கு நேரம் கிடைப்பதும் முதுகு ஒடிவதும் ஒரே மாதங்களில். கரோலுக்கு இது கோடை விடுமுறை போல இருக்கிறது. தெல்ஃபினுக்கு இது விடிவதற்குமுன் எழ வேண்டிய நாள்.

பகலில் தோழிகள், இரவில் காதலர்கள். கரோலுக்கு இந்த ஒளிவுமறைவு நாளுக்கு நாள் கசக்கிறது. தெல்ஃபினுக்கு அது பழக்கம். இங்கேதான் எனக்கு ஆர்காதியும் ஃபாரும் நினைவுக்கு வந்தன. ஒரு நாட்டின் இரண்டு தலைமுறைகள் நடத்திய வழக்கை இந்த இரண்டு பெண்கள் ஒரே கட்டிலில் நடத்துகிறார்கள். வெளியே தெரியாமல் வாழ்ந்துகொள்ளலாம் என்கிறாள் ஒருத்தி. தெரியாத வாழ்க்கை வாழ்க்கையே இல்லை என்கிறாள் மற்றவள். படம் இருவரில் ஒருவரைத் தோற்கடிக்கவில்லை. அதற்காகவே கோர்சினிமீது எனக்கு மதிப்பு.

அம்மா மொனிக்காக நொயெமி ல்வோவ்ஸ்கி நடித்திருக்கிறார். இந்தப் பாத்திரத்தைக் கொடுமைக்காரி ஆக்காமல் விட்டதுதான் படத்தின் பெரிய நேர்மை. கரோலை முதலில் அவளுக்குப் பிடிக்கிறது. சேர்ந்து வேலை செய்கிறார்கள், சிரிக்கிறார்கள். வாழ்நாள் முழுக்க மாட்டுத் தொழுவத்திலும் அடுப்படியிலும் உழைத்தவள் அவள். அன்றைய பிரான்சில் குடியானவரின் மனைவிக்கு அந்த உழைப்புக்குக் கூலியும் இல்லை, தொழிலில் தனி உரிமையும் இல்லை. கணவன் அனுமதியில்லாமல் வங்கிக் கணக்குத் தொடங்க மனைவிக்கு உரிமை வந்ததே 1965இல். குடும்பத்தில் தந்தைக்கு மட்டுமிருந்த சட்ட அதிகாரம் பெற்றோர் இருவருக்கும் பொதுவானது 1970இல். எம்.எல்.எஃப். யாருக்காகப் பேசியதோ அந்தப் பெண் மொனிக்தான். அந்தப் பெண்தான் கரோலை வீட்டைவிட்டுத் துரத்தவும் செய்கிறாள். இருவரையும் ஒன்றாகப் பார்த்துவிட்ட அன்று அவள் கண்ணில் தெரிவது வெறுப்பு மட்டுமல்ல. அவளிடம் இருந்ததெல்லாம் இந்த வீடும் ஊரில் இதற்குள்ள பேரும்தான். அது சரிவதைப் பார்க்கிறாள்.

பக்கத்திலேயே ஆந்துவான் (கெவின் அசாயிஸ்) இருக்கிறான். நல்லவன், உழைப்பாளி, தெல்ஃபினை நேசிப்பவன். ஊர்க்கண்ணில் அவர்களுக்குக் கல்யாணமே ஆகிவிட்டது போல. ‘எப்போது?’ என்ற ஊரின் கேள்வி, ‘ஏன் இல்லை?’ என்று மாற எத்தனை நாள் ஆகும்?

இப்போது ரயில் நிலையத்துக்குத் திரும்புவோம். ரயில் ஏறினால் தெல்ஃபின் விடுவது ஒரு குறுகிய மனம் படைத்த கிராமத்தை மட்டுமல்ல. படுத்த படுக்கையான அப்பாவை, ஒற்றை ஆளாக நிற்கப்போகும் அம்மாவை, பால் கறக்க ஆளில்லாத மாடுகளை. எல்லாவற்றுக்கும் மேலாக, அவள் மிகவும் நேசிக்கும் வேலையை. இதுதான் கரோலுக்குக் கடைசிவரை முழுதாகப் புரியாதது. கரோலின் விடுதலை பாரிசில் இருந்தது. அதற்கு அடுக்குமாடி வீடு போதும், கூட்டம் போடும் அரங்கம் போதும். தெல்ஃபின் தானாக இருப்பதற்கு ஒரு பெண்ணும் வேண்டும், நிலமும் வேண்டும். 1971இன் இயக்கத்திடம் முதலாவதற்குச் சொல் இருந்தது. இரண்டாவதற்கு இல்லை. கிராமத்தைவிட்டு வந்தவர்களுக்கு அது கதவு திறந்தது. கிராமத்திலேயே இருக்க விரும்பியவளுக்கு வழி சொல்ல அதற்கு இன்னும் தெரிந்திருக்கவில்லை. இது குறையாகச் சொல்லப்படுவதல்ல. பிறந்து ஒரு வயது ஆகாத இயக்கம் அது.

தெல்ஃபின் பக்கம் தவறே இல்லை என்றும் நான் சொல்ல மாட்டேன். தனக்காக எல்லாவற்றையும் விட்டுவந்தவளை, வாக்குக் கொடுத்து நிலையம் வரை கூட்டிவந்து, கடைசி நொடியில் தனியே அனுப்பினாள். செசில் த ஃபிரான்சின் முகத்தைப் பார்க்கும்போது அந்தக் காயத்தின் ஆழம் தெரிகிறது. அந்த நடிப்புக்காக அவரும், அம்மா வேடத்துக்காக ல்வோவ்ஸ்கியும் 2016இல் பிரெஞ்சுத் திரைப்பட விருதான செசாருக்குப் பரிந்துரைக்கப்பட்டார்கள்.

பிறகு நடந்தவை

ஃபார் நீண்ட காலம் நிலைக்கவில்லை. 1974இல் போலீஸ் நுண்கலைக் கல்லூரியிலிருந்து கூட்டத்தை வெளியேற்றியபோது அது ஏற்கெனவே கலைந்துகொண்டிருந்தது. அது கிளப்பிய கேள்விகள் வேறு அமைப்புகளின் கைக்குப் போயின. 1981 ஏப்ரல் 4 அன்று பாரிசில் சுமார் 10,000 பேர் ஊர்வலம் போனார்கள். அந்த ஆண்டே புதிய அரசு காவல்துறைக் கோப்புகளை ஒழிக்க உத்தரவிட்டது. 1982 ஆகஸ்ட் 4 சட்டம், விஷி காலத்து வயதுப் பாகுபாட்டை நீக்கியது. நீதி அமைச்சர் ரொபேர் பதந்தேர்; மசோதாவை அவையில் விளக்கிப் பேசியவர் ழிசெல் அலிமி, கருக்கலைப்பு அறிக்கையில் கையெழுத்திட்ட 343 பேரில் ஒருவர். பெண்கள் தொடங்கிவைத்ததைச் சட்டமாக முடித்துவைக்கும் இடத்திலும் ஒரு பெண் நின்றார். 2013இல் தன்பால் திருமணம் சட்டமானபோது பாரிஸ் தெருக்களில் எதிர்ப்பு ஊர்வலங்கள் திரண்டன. அந்தக் கொந்தளிப்பு ஆறுவதற்குள் வந்த படம் இது. பழைய தண்டனைகளுக்கு நாடு பொறுப்பேற்க வேண்டும் என்ற மசோதாவுக்கு 2024 மார்ச் 6 அன்று தேசிய சபை ஒருமனதாக வாக்களித்தது.

படம் அவ்வளவு தூரம் போவதில்லை. பிரிவுக்குப் பின் ஐந்து ஆண்டு தாண்டி நிற்கிறது. 1975இல் சுகாதார அமைச்சர் சிமோன் வேய் கொண்டுவந்த சட்டத்தால் கருக்கலைப்பு குற்றமில்லை என்றாகிவிட்டது. கரோல் இப்போது கருக்கலைப்புக்கு வரும் பெண்களுக்கு உதவும் இடத்தில் வேலை செய்கிறாள். முன்பு தெருவில் கேட்டதை இப்போது ஒவ்வொரு பெண்ணாக உட்காரவைத்துச் செய்துகொடுக்கிறாள். அவளுக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. தெல்ஃபின் எழுதியது. அப்பாவின் பண்ணையை விட்டுவிட்டாளாம். பாரிசுக்கு வரவில்லை. தெற்கே போய்த் தனக்கென்று நிலம் பிடித்து, அங்கே விவசாயம் செய்கிறாளாம்.